அச்சிட்ட தாள் கடைசிக் கிராமம் வரை போய்ச் சேர்கிறதா?



2025-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. புதிய வழிபாட்டு ஆண்டு அன்றுதான் தொடங்கியது. மூன்றாம் ஆண்டு வாசகங்கள் முடிந்து முதலாம் ஆண்டு வாசகங்களுக்கு, அதாவது லூக்கா நற்செய்தியிலிருந்து மத்தேயு நற்செய்திக்கு நாம் மாறிய நாள். எங்கள் பங்கைச் சேர்ந்த கிளைக் கிராமம் ஒன்றில் அன்று திருப்பலி இல்லை. குரு ஒருவர், கிராமங்கள் எட்டு, காலைப்பொழுதோ ஒன்றுதான். திருப்பலி இல்லாத ஞாயிறுகளில் உபதேசியார் இறைவார்த்தை வழிபாடு நடத்துவது வழக்கம்.

மறுவாரம் அங்கே திருப்பலிக்குப் போனோம். கோவில் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் எங்களைப் பார்த்து, "சாமி, போன வாரம் வாசிச்சது போன வருசம் இதே நாள்ல வாசிச்ச வாசகந்தானே? மாத்தலையா?" என்று கேட்டார்கள். விசாரித்தோம். அம்மா சொன்னது சரியாகவே இருந்தது. மத்தேயு 24-ஆம் அதிகாரத்தில் நோவாவின் காலத்தை நினைவூட்டும் பகுதி வாசிக்கப்பட வேண்டிய நாளில், லூக்கா 21-ஆம் அதிகாரம் வாசிக்கப்பட்டிருந்தது. உபதேசியார் கையில் இருந்தது முந்திய ஆண்டின் தாள்.

புதிய தாளை நாங்கள் சனிக்கிழமை இரவு 9 மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தோம். உபதேசியார் வைத்திருப்பது பொத்தான் கைபேசி. எனவே அவருடைய மகனின் எண்ணுக்கு அனுப்பினோம். மகனோ அந்த வாரம் திருப்பூரில் வேலையில் இருந்தார். "தாளு வரலையேன்னு பாத்தேன் சாமி. பழசு இருந்துச்சு, அதையே வாசிச்சுட்டேன்" என்றார் உபதேசியார். அவரைக் குறை சொல்ல முடியாது. அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்ட எங்களுடைய குறை அது.

ஒரு ஞாயிறு வாசகம் மாறிப்போனதால் என்ன குடி முழுகிவிட்டது என்று சிலர் கேட்கலாம். உலகெங்கும் உள்ள திருச்சபை அன்று ஒரே நற்செய்தியைக் கேட்டது. மதுரைச் சமவெளியில் ஒரு கிராமம் மட்டும் அதைக் கேட்கவில்லை. அந்த மக்கள் கேட்க விரும்பாததாலா? இல்லை. ஒரு தாள் வந்து சேராததால். இதுதான் எங்கள் மனதை உறுத்தியது. எனவே நம் ஆலயங்களுக்கு அச்சிட்ட தாள்களும் நூல்களும் எந்த வழியாக வருகின்றன, அந்த வழி அண்மையில் எப்படி மாறியிருக்கிறது என்பதை இறைமக்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். இது குருக்களும் அலுவலகமும் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி என்று தள்ளிவிடாதீர்கள்.

தபால் வழியில் நடந்த மாற்றம்

கார்த்திகை மாதத்தில் சாமி வீட்டின் முன்னறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சணல் கயிறு கட்டிய காகிதக் கட்டுகள் அங்கே அடுக்கியிருக்கும். வழிபாட்டு நாள்காட்டி, ஆயரின் சுற்றுமடல், ஞாயிறு வழிபாட்டுக் குறிப்புகள், மறைக்கல்விப் பாடநூல், அன்பியக் கூட்டங்களுக்கான கையேடு எனப் பலவும் அதில் இருக்கும். சில மறைமாவட்ட அலுவலகத்திலிருந்து வரும். சில, தமிழக ஆயர் பேரவையின் விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டுப் பணிகளுக்கான மையம் இருக்கும் திண்டிவனத்திலிருந்து வரும். சில துறவற சபைகளின் பதிப்பகங்களிலிருந்து வரும்.

நெடுங்காலமாக இவற்றில் பெரும்பகுதியைச் சுமந்தது அஞ்சல் துறை. அச்சிட்ட நூல்களுக்கென்று பதிவு அஞ்சலில் தனிச் சலுகை இருந்தது. 5 கிலோ எடையுள்ள நூல் கட்டு ஏறத்தாழ 80 ரூபாயில் இந்தியாவின் எந்த மூலைக்கும் போய்விடும். கன்னியாகுமரிக்கும் அதே கட்டணம், காஷ்மீருக்கும் அதே கட்டணம். 2023-ஆம் ஆண்டின் புதிய அஞ்சலகச் சட்டம் நடைமுறைக்கு வந்ததைத் தொடர்ந்து, 2024 டிசம்பர் 18-ஆம் நாள் முதல் இந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு! அதே 5 கிலோ கட்டைப் பதிவுப் பார்சலாக அனுப்பினால் 200 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. சிறிய பதிப்பகங்கள் பலவும் குரல் எழுப்பின. சமயம், இலக்கியம், கல்வி என்று வேறுபாடு இல்லாமல் நூல் அனுப்பும் எல்லாரையும் இது பாதித்தது.

பிறகு 2025 மே 1-ஆம் நாள் 'கியான் போஸ்ட்' என்ற புதிய சேவையை அஞ்சல் துறை தொடங்கியது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், அதற்கு மேல் வரி. பொதி தரைவழியாகப் போகும். எங்கே இருக்கிறது என்று கணினியில் பார்த்துக்கொள்ளலாம். பாடநூல்களோடு சமூக, பண்பாட்டு, சமயம் சார்ந்த அச்சு நூல்களும் இதில் போகலாம் என்பது நமக்கு நல்ல செய்தி.

ஆனால் சில நிபந்தனைகள் உண்டு. நூலில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்கவேண்டும். விளம்பரம் கூடாது. தனிப்பட்ட கடிதச் செய்தி உள்ளே இருக்கக் கூடாது. குறிப்பிட்ட கால இடைவெளியில் வெளிவரும் இதழாகவும் இருக்கக் கூடாது. நம் கட்டுகளை இந்த நிபந்தனைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் சிக்கல் புரியும். மறைக்கல்விப் பாடநூல் போகும், நாள்காட்டி நூலும் போகும். ஆயரின் சுற்றுமடல் கடிதம். மாதந்தோறும் வரும் வழிபாட்டுக் குறிப்பு, காலமுறை வெளியீடு. முன்பெல்லாம் எல்லாவற்றையும் ஒரே சாக்குத்துணியில் சுற்றிக் கட்டினோம். இப்போது பிரித்துக் கட்டவேண்டும், பிரித்து எடை போடவேண்டும். பங்கில் யாராவது மலர் வெளியிடுகிறீர்கள் என்றால், உள்ளட்டையில் வெளியிட்டவர் பெயரையும் முகவரியையும் மறக்காமல் அச்சிடுங்கள். கடைசிப் பக்கத்தில் ஜவுளிக்கடை விளம்பரம் வாங்கினால், அந்த விளம்பரப் பணத்தில் ஒரு பகுதி தபாலுக்கே போய்விடும் என்பதையும் கணக்குப் பாருங்கள்.

'நம் வாழ்வு' போன்ற பதிவு பெற்ற இதழ்களின் நிலை வேறு. பத்திரிகைப் பதிவு எண் பெற்று, குறித்த நாளில் குறித்த அஞ்சலகத்தில் சேர்க்கப்படும் இதழ்களுக்கு மிகக் குறைந்த கட்டணம் உண்டு. அதனால்தான் சந்தா கட்டிய வீட்டுக்கு இதழ் தவறாமல் வருகிறது, நாம் பங்கில் கொடுக்கவேண்டிய தாள் வருவதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுவோம். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவு அஞ்சல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. 'ரிஜிஸ்டர் தபால்' என்று கேட்டுத் தபால் நிலையத்தில் நின்று ஏமாற வேண்டாம்.

கைபேசி வழி

தபால் செலவு கூடியதும் எல்லாரும் செய்ததையே நாங்களும் செய்தோம். கோப்பாகக் கைபேசியில் அனுப்பினோம். இந்தப் பழக்கம் 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்று நாள்களிலேயே தொடங்கிவிட்டது. ஆலயங்கள் பூட்டியிருந்த அந்த மாதங்களில் செபத்தாள் வீட்டுக்கு வந்தது கைபேசி வழியாகத்தான். அதற்காக இன்றும் நன்றி சொல்கிறோம்.

கைபேசியின் வேகத்துக்கு ஈடு இல்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2025 ஏப்ரல் 21-ஆம் நாள், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள், இறைவனடி சேர்ந்தார். அன்று முதல் நற்கருணை மன்றாட்டில் திருத்தந்தையின் பெயர் சொல்லப்படவில்லை. மே 8-ஆம் நாள் இரவு, நம் நேரப்படி ஒன்பதரை மணிக்குமேல், உரோமையில் வெண்புகை தெரிந்தது. மறுநாள் காலைத் திருப்பலியில் நம் ஊர்க் குருக்கள் 14-ஆம் லியோ என்ற பெயரைச் சொல்லிச் செபித்தார்கள். எந்தத் தபால் இதைச் செய்திருக்கும்?

ஆகவே கைபேசி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அவசரச் செய்திக்கு அதுவே சரி. ஆனால் நாற்பது பேர் கையில் இருக்கவேண்டிய எட்டுப் பக்கத் தாளை ஒரு கோப்பாக அனுப்பிவிட்டு, 'இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்' என்றால் என்ன ஆகும்? கிராமத்திலிருந்து ஒருவர் பேருந்து ஏறி உசிலம்பட்டிக்கோ மேலூருக்கோ போய் ஜெராக்ஸ் எடுக்கவேண்டும். பக்கத்துக்கு 2 ரூபாய் என்றால் எட்டுப் பக்கம் நாற்பது படிகளுக்கு 640 ரூபாய், பேருந்துக் கட்டணம் தனி. மழை பொய்த்த மாதங்களில் அந்தக் கிராமத்தின் ஞாயிறு காணிக்கை அவ்வளவு வருவதில்லை. அலுவலகக் கணக்கில் அச்சுச் செலவு குறைந்துவிட்டது என்று நாம் மகிழ்கிறோம். அந்தச் செலவு கூலிவேலைக்குப் போகும் மக்களின் காணிக்கைப் பையில் ஏறியிருக்கிறது என்பது எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

எழுத்துருத் தொல்லை வேறு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பை அப்படியே அனுப்பினால், கிராமத்தில் திறக்கும்போது நற்செய்திக்குப் பதில் கேள்விக்குறிகளும் ஆங்கில எழுத்துகளும் வரிசையாக நிற்கும். ஒருமுறை ஒரு சகோதரி எங்களை அழைத்து, "சாமி, இது என்ன பாஷை?" என்று கேட்டார்.

வாசக மேடையில் கைபேசியை வைத்து வாசிக்கலாமா என்ற கேள்வியும் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டு நியூசிலாந்து ஆயர்கள், திருப்பலிப் புத்தகத்துக்குப் பதிலாகக் கைக்கணினியைப் பயன்படுத்தக் கூடாது என்று தங்கள் குருக்களுக்கு எழுதினார்கள். வழிபாட்டு நூல் வழிபாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டது என்பது அவர்கள் கருத்து. நற்செய்தி நூலைப் பவனியாக எடுத்து வருகிறோம், முத்தி செய்கிறோம். சற்றுமுன் மாட்டு விலை பேசிய கைபேசியை அப்படிச் செய்ய மனம் வருமா? எங்களுக்கு வரவில்லை.

ஓலையும் ஆளும்

இந்த மண்ணில் இது புதிய கவலை அன்று. 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்கச் சிறுநூல் தமிழில் அச்சானது. இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூலாக அறியப்படும் அதை உருவாக்கியவர் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அன்றீக் அடிகளார். கடற்கரையில் அச்சுநூல் வந்துவிட்டது. ஆனால் 1606-இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளாரின் நூல்கள் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. அவர் 1656-இல் இறந்தார். அவருடைய ஞானோபதேசம் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சானது அதற்கு 20 ஆண்டுகளுக்குப் பிறகே. அதுவரை ஓலைதான். ஒருவர் படிக்க, ஒருவர் எழுத, இன்னொருவர் அந்தச் சுவடியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்கு நடக்க, இப்படித்தான் மறை பரவியது.

தரங்கம்பாடியில் லுத்தரன் மறைப்பணியாளர்கள் 1715-க்குள் புதிய ஏற்பாட்டையே தமிழில் அச்சிட்டுவிட்டார்கள். நம் வீரமாமுனிவர் கையிலோ எழுத்தாணி. அவர் 1727-இல் உபதேசியார்களுக்கென்றே 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். அது முதலில் பரவியதும் ஓலைப்படிகளாகத்தான். அச்சு இயந்திரம் இல்லாத குறையை அந்த வேதியர்கள் தங்கள் கால்களால் ஈடுசெய்தார்கள். ஓலை தனியாகப் பயணம் செய்யவில்லை. அதை வாசித்து விளக்கத் தெரிந்த ஆள் ஒருவர் அதோடு போனார்.

திருத்தூதர் பணிகள் 15-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எருசலேமில் கூடிய திருத்தூதர்களும் மூப்பர்களும் அந்தியோக்கியாவுக்கு ஒரு மடல் எழுதுகிறார்கள். நம் வழக்கில் சொன்னால் அது முதல் சுற்றுமடல். மடலோடு பர்சபா எனப்படும் யூதாவையும் சீலாவையும் அனுப்புகிறார்கள். எழுதியதையே அவர்கள் வாய்மொழியாகவும் அறிவிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. கொலோசையருக்கு எழுதிய மடலைத் தீக்கிக்கு எடுத்துச் சென்றார். அது வாசிக்கப்பட்டபின் இலவோதிக்கேயா சபையிலும் வாசிக்கப்பட ஏற்பாடு செய்யுமாறும், அங்கிருந்து வரும் மடலை இவர்கள் வாசிக்குமாறும் அந்த மடலின் முடிவில் சொல்லப்பட்டிருக்கிறது. மடல் எந்த ஊரோடும் நின்றுவிடக் கூடாது என்ற கவலை அதில் தெரிகிறது.

எங்கள் படிக்கட்டுக்கடியில்

நம்முடைய கட்டுகள் எங்கே நின்றன? உண்மையைச் சொல்லிவிடுகிறோம். உபதேசியார் சொன்னதைக் கேட்டு வந்த அன்று மாலை சாமி வீட்டின் படிக்கட்டுக்கு அடியில் இருந்த அறையைத் திறந்தோம். பிரிக்காத கட்டுகள் ஏழு இருந்தன. ஒன்றில் மூன்று ஆண்டுகளுக்கு முந்திய தவக்காலச் சிந்தனைத் தாள். இன்னொன்றைத் தூக்கினோம், அடிப்பகுதி கையோடு வரவில்லை, கரையான். அச்சிட்டவர்கள் அச்சிட்டார்கள், தபால்காரர் கொண்டுவந்து கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார். எங்கள் வாசல்வரை வந்த தாள் எங்கள் வாசலைத் தாண்டவில்லை. தபால் கட்டணம் கூடிவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டிருந்த நாங்களே மலிவாக வந்த காலத்தில் இப்படி வைத்திருந்தோம்.

பங்குப்பேரவையில் இதைப் பேசினோம். எல்லாத் தாளையும் தபாலில் வாங்கத் தேவையில்லை என்று முடிவாயிற்று. மாதாந்திர ஒடுக்கத்துக்கு நாங்கள் மதுரைக்குப் போகிறோம், மறைவட்டத்துக் குருக்கள் எல்லாரும் வருகிறார்கள். ஒரே இடத்தில் அச்சிட்டு, அன்றே வாங்கிக்கொண்டு வந்தால் அஞ்சல் செலவே இல்லை. தனித்தனிக் கிராமத்தில் ஜெராக்ஸ் எடுப்பதைவிட மறைவட்டமாகச் சேர்ந்து அச்சகத்தில் கொடுப்பது படிக்குப் பாதிக்கும் குறைவாக முடிகிறது. திண்டிவனத்திலிருந்து வரவேண்டிய நூல்களை மட்டும் கியான் போஸ்ட்டில் கேட்கிறோம், அதுவும் ஒரு மாதம் முன்னதாக. தரைவழி என்பதால் நாளாகும்.

அடுத்தது சாமி வீட்டிலிருந்து கிராமத்துக்கு. இங்கேதான் இறைமக்கள் எங்களுக்கு வழி சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் மல்லிகைப் பூ மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போகிறது. பூ இறக்கிய வண்டி வெறும் கூடையோடு திரும்புகிறது. "அந்தக் கூடையில வச்சுக் கொடுங்க சாமி, வர்ற வழியில வாங்கிட்டுப் போறோம்" என்றார் பூ வியாபாரம் செய்யும் ஒரு சகோதரர். இரண்டு கிராமங்களுக்குப் பால் வண்டி. ஒரு கிராமத்துக்கு அங்கே பணிபுரியும் ஆசிரியை. மற்ற ஊர்களுக்கு அருட்சகோதரிகள் வீடு சந்திக்கப் போகும்போது கொண்டுபோகிறார்கள். கிராமத்தின் பெயர் எழுதிய மஞ்சள் பை எட்டு தைத்து வைத்திருக்கிறோம். கட்டு வந்த இரவே பிரித்துப் பையில் போட்டுவிடுவது என்று ஒரு கட்டுப்பாடு. படிக்கட்டு அறையைப் பூட்டிச் சாவியைப் பங்குப்பேரவைச் செயலரிடம் கொடுத்தாயிற்று. இது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் எங்களை நாங்கள் அறிவோம்.

பழைய நோட்டு ஒன்றில் தேதி, ஊர், தாளின் பெயர், எத்தனை படி, யார் கையில் என்று எழுதுகிறோம். இதில் சில மாதம் இடைவெளியும் உண்டு. பிப்ரவரியில் பூ வரத்து குறைந்தபோது வண்டி வரவில்லை, ஒரு ஊருக்குத் தாள் திங்கட்கிழமைதான் போனது. அதன்பின் வியாழக்கிழமைக்குள் பை போகாத ஊருக்கு நாங்களே இருசக்கர வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

கைபேசியை விட்டுவிடவில்லை. சனிக்கிழமை மாலை 7 மணிக்கு உபதேசியாரின் பொத்தான் கைபேசிக்கே அழைத்து, "நாளைக்குள்ள நற்செய்தியோட முதல் வரியை வாசிங்க ஐயா" என்கிறோம். அவர் கண்ணாடியைத் தேடும் சத்தம் கேட்கும், பிறகு வாசிப்பார். சரியாக இருந்தால் கடினமான சொல் ஏதாவது உண்டா என்று கேட்டு, மறையுரைக் குறிப்பில் இரண்டொரு வார்த்தை பேசிக்கொள்கிறோம். சில வாரங்களாக 7 மணிக்கு முன்பே அவர் எங்களை அழைத்துவிடுகிறார்.

அந்த வயதான அம்மாவைப் போன மாதம் மறுபடி பார்த்தோம். தாள் சரியாக வருகிறதா என்று கேட்டோம். "வருது சாமி. எழுத்துத்தான் பொடிசா இருக்கு. பேத்தி இல்லாத அன்னைக்கு வாசிக்க முடியல" என்றார்கள். அடுத்த மாதத் தாளை அச்சகத்தில் கொடுக்கும்போது எழுத்தின் அளவைக் கூட்டச் சொல்லியிருக்கிறோம். எட்டுப் பக்கம் பன்னிரண்டாகும், மறைவட்டக் கூட்டத்தில் செலவைப் பற்றிப் பேசவேண்டியிருக்கும்.